இடக்கைச் சூடு

உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிய லாரி கவிழ்ந்தால் ரோடே வழுக்கும். ஆம்பூர் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. தை மாதத்தில் ஒரு காலை, நெடுஞ்சாலையில் அப்படி ஒரு லாரி சாய்ந்துவிட்டது. டிரைவர் உள்ளே மாட்டிக்கொண்டான். டீசல் ஒழுகிக்கொண்டிருந்தது. முதலில் போய்ச் சேர்ந்த சப் இன்ஸ்பெக்டர் பிரிஸ்கில்லா, தீயணைப்பு வண்டிக்குக் காத்திருக்கவில்லை. உடைந்த முன்கண்ணாடி வழியாகக் கையை விட்டு ஆளை இழுத்துப் போட்டாள். ஆள் பிழைத்தான். அவளுடைய வலது மணிக்கட்டில் மட்டும் இரண்டு தசைநாரும் ஒரு நரம்பும் அறுந்துபோயின.

வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். சித்திரை பிறந்து, வெயில் நூற்றெட்டு டிகிரி அடித்த ஒரு நாளில் டாக்டர் கட்டை முழுதாகப் பிரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார்.

"பேனா பிடிப்பீங்க. நாலஞ்சு மாசத்துல சோறும் பிசைவீங்க. இந்த ஆட்காட்டி விரல் மட்டும் முழுசா மடங்காது. அழுத்திப் பிடிக்கிற வேலை இந்தக் கைக்கு வேணாம்."

"டிரிகர் இழுக்க முடியாதா டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்கிட்ட வர்றவங்க சப்பாத்தி தேய்க்க முடியுமான்னுதான் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, முடியாது என்று தலையை ஆட்டினார்.

ஆடி மாதத்தில் வருடாந்திரத் துப்பாக்கிப் பயிற்சித் தேர்வு. பிஸ்டலில் பத்து குண்டு, அதில் குறைந்தது ஆறு பலகையில் படவேண்டும். தேறாவிட்டால் ஆயுதம் கையாளத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். ஸ்டேஷன் வேலை போய்விடும். மாவட்டத் தலைமையகத்தில், கட்டுப்பாட்டு அறையில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு போன் எடுக்கும் வேலை. ஏசி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு இருக்கும்.

ஆனால் பிரிஸ்கில்லா அந்த ஸ்டேஷனில் ஆறு வருடமாக இருக்கிறாள். ஷூ கம்பெனி பஸ்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து நூற்றுக்கணக்கில் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் புருஷன் அடித்தவளும், பஸ் ஸ்டாப்பில் எவனோ வம்பு செய்தவளும், "பிரிஸ்கில்லா மேடம் இருக்காங்களா?" என்று வாசலில் கேட்டுவிட்டுத்தான் படி ஏறுவார்கள். இல்லை என்றால் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள். அது அவளுக்குத் தெரியும்.

மேலதிகாரியிடம் போய் நின்றாள்.

"சார், இடது கையால சுடலாமா?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "ரூல்ல கைன்னுதான் போட்டிருக்கு. எந்தக் கைன்னு போடல. ஆடி வரைக்கும் டைம் இருக்கு, பாருங்க."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்து புருஷன் ஜோனதனிடம் இதைச் சொன்னாள். ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிப்பதால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஜோனதன் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து, களி கிண்டிக்கொண்டிருந்தான். ஷூ கம்பெனியில் அவன் சாம்பிள் கட்டர். புது மாடலுக்கு முதல் ஜோடி தோலைக் கையாலேயே வெட்டித் தருகிறவன். பிறவியில் இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து வலது கையில் எழுதவைத்தார்கள். கம்பெனியில் முதல் நாள் கத்தியை எடுத்தபோது அது தானாக இடது கைக்குப் போனது. சூப்பர்வைசர், அவன் வெட்டின விளிம்பைப் பார்த்துவிட்டு, "இவனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்று போய்விட்டார்.

வீட்டில் சொல்ல ஆள் இருந்தது. பதினேழு வருடமாகப் பிரிஸ்கில்லாதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில் இடது கையால் பரிமாறாதீங்க. போதகருக்கு இடது கையால் டீ நீட்டாதீங்க.

"அதே கையதான் இப்ப கேக்கறேன்" என்றாள். "எனக்குச் சொல்லிக் குடுங்க."

ஜோனதன் களித் துடுப்பை நிறுத்தினான். "இன்னாத்த சொல்லிக் குடுக்கறது? எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க? அது பாட்டுக்கு வருது."

"எப்பிடி வருதுன்னு சொல்லுங்க."

"நீ ரைட்டு கையால எப்பிடி ஜடை போடுவ? சொல்லு பாக்கலாம்."

அவள் வெறும் காற்றில் ஜடை பின்னிக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். களியை உருட்டி, கருவாட்டுக் குழம்பு ஊற்றித் தட்டில் வைத்தான். அவள் ஸ்பூனை எடுத்தாள்.

"மொதல்ல அத கீழ வை. களியப் பிட்டு சாப்புடு. களிய உருட்டி வாய்க்குக் கொண்டுபோவத் தெரியாத கை துப்பாக்கிய இன்னா பண்ணும்?"

அவள் இடது கையை இலேசாகத் தண்ணீரில் நனைத்துக் களியைப் பிட்டாள். முதல் உருண்டை குழம்புக்குள்ளேயே விழுந்தது. இரண்டாவது கன்னத்தில் ஒட்டியது. அந்தத் தட்டைக் காலி செய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கை கழுவும்போது ஜோனதன் மெதுவாகச் சொன்னான். "ஆபீஸ் வேலையும் வேலைதான் பிரிஸி. கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்."

"போன் எடுக்கவா நான் போலீஸுக்கு வந்தேன்?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வாரத்தில் ஒரு நாள் சுடுதளம். மற்ற நாளில் என்ன செய்வது? நான்காம் நாள் ஜோனதன் கம்பெனியிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தான். கழிவுக் குவியலில் கிடந்த தடித்த அடித்தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, நடுவில் ஈயத் தகடு வைத்து, துப்பாக்கி வடிவத்தில் செதுக்கியிருந்தான். அவள் சொன்ன எடைக்குப் பத்து கிராம்கூட வித்தியாசம் இல்லை. பிடியில் விரல் பதியும் பள்ளம்கூட இடது கைக்கு ஏற்றபடி இருந்தது.

"ஆபீஸ் வேலைக்குப் போன்னு சொன்ன ஆளு செஞ்ச வேலையா இது?"

"கேட்ட. செஞ்சேன்" என்றான் ஜோனதன்.

விடிந்ததும் அரை மணி, சாயங்காலம் அரை மணி. கையை நீட்டி அந்தத் தோல் துப்பாக்கியைப் பிடித்தபடி நிற்பாள். முதல் வாரம் ஐம்பது எண்ணுவதற்குள் தோள்பட்டை எரிந்தது. குளியலறை வாளியை இடது கையால் தூக்கினாள். பூட்டை இடது கையால் திறந்தாள். பல் துலக்கும்போது பிரஷ் மூக்கில் ஏறியது. வலது கையால் பத்து வருடம் சுட்டு, சரகப் போட்டியில் கோப்பை வாங்கியவள். இடது கையோ பால்வாடிப் பிள்ளை மாதிரி எதையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குப் போயிற்று.

பக்கத்து வீட்டு மஹ்பூபிக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு காலை அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடியில் அவள் புருஷனுடைய சட்டை. சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் குறி வைத்தபடி, ஜன்னலில் பிரிஸ்கில்லா.

"யா அல்லா!" என்று மஹ்பூபி வாளியோடு உட்கார்ந்துவிட்டாள். "போலீஸக்கா! என் வூட்டுக்காரர் இன்னா தப்பு பண்ணாரு?"

"ஐயோ, தோலு மஹ்பூபி, வெறும் தோலு! வந்து தொட்டுப் பாரு!"

மஹ்பூபி வந்து தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். தோல் ஊர்க்காரி, வாசனையிலேயே சொல்லிவிட்டாள். "எருமைத் தோலு. ஜோனதண்ணன் வேலைதானே?" பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும் கத்திரிக்காயும் கொண்டுவந்தாள். பிரிஸ்கில்லா இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"பீச்சாங்கையாலயா அக்கா? எங்கள்ல ஒத்துக்க மாட்டாங்க. நான் வேணா ஊட்டி வுடட்டா?"

"நாப்பத்தி மூணு வயசுல எனக்கு ஊட்டிவுடப் போறியா?"

மஹ்பூபி தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "அடிபட்டவங்களுக்கு மாஃபி உண்டு. சாப்புடு. ஆனா கறி ஜாஸ்தி வெச்சிருக்கேன், கீழ சிந்தாத."

சுடுதளம் வேலூருக்கு அந்தப் பக்கம், மொட்டைப் பாறை மலையின் அடிவாரத்தில். வைகாசி வெயிலில் அந்தப் பாறை பத்து மணிக்கே அனல் கக்கும். ஆயுதப்படை ஏட்டு மக்பூல் அகமதுதான் அங்கே பயிற்சி தருகிறவன். பிரிஸ்கில்லாவைவிடப் பத்து வயது சின்னவன்.

"மேடம், உண்மையச் சொல்லிடறேன்" என்றான் முதல் நாளே. "நான் ரைட்டு கைக்காரங்களுக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். லெஃப்டு எனக்கும் புதுசு. ரெண்டு பேரும் சேந்து கத்துக்கலாம்."

துப்பாக்கியே வலது கைக்குச் செய்தது என்பது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. மேகசினை விடுவிக்கும் பொத்தான் வலது கட்டைவிரலுக்கு வசதியாக இருந்தது; இப்போது ஆட்காட்டி விரலை மடக்கி அழுத்த வேண்டியிருந்தது. சுட்டதும் வெற்றுக் குப்பி வலப்பக்கம் தெறிக்கும். வலது கையால் சுட்ட காலத்தில் அது அப்பால் போய் விழுந்தது. இப்போது முகத்துக்கு முன்னால் கொதிக்கக் கொதிக்கப் பறந்தது. ஒவ்வொரு முறையும் கண் தானாகச் சிமிட்டியது.

பத்து குண்டில் ஒன்று பட்டது. அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரமும் இரண்டு. மீதியெல்லாம் பலகைக்கு வலப்பக்கமே போய் மண்மேட்டில் புழுதி கிளப்பின.

"கை ஆடல மேடம். பிடி நல்லா இருக்கு. அப்புறம் ஏன் எல்லாம் வலது பக்கமே போவுதுன்னு எனக்குத் தெர்ல" என்று மக்பூல் தலையைச் சொறிந்தான்.

ஆனி பாதி முடிந்துவிட்டது. மாங்காய் வண்டிகள் குறைந்து, சாயங்காலத்தில் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. பிரிஸ்கில்லா வீட்டில் அதிகம் பேசவில்லை. சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியையே பார்த்து நின்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோனதன் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் குறி வைத்தாள். சுடுதளத்தில் யாரும் சுடுகிறவருக்கு எதிரே நிற்க முடியாது. இங்கே அவன் எதிரே இருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் புள்ளியைப் பார்க்கிறாள். விரல் அழுத்தும் நொடியில் வலது கண் அவளுக்குத் தெரியாமலே திறந்துகொள்கிறது. துப்பாக்கி முனை ஒரு நூலளவு நகர்கிறது. மறுபடி பார்த்தான். அதே மாதிரிதான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வெங்காயத்தை உரித்து முடித்தான்.

சனிக்கிழமையும் சொல்லவில்லை. ஞாயிறு காலை சர்ச்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை. திங்கள் சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"பிரிஸி, நீ அந்தக் கண்ணால பாக்கறதா நெனச்சிக்கினு இருக்கற. ஆனா சுடும்போது இந்தக் கண்ணால பாக்கற. உன் கை மாறிடுச்சு. கண்ணு மாறல."

அவள் திரும்பினாள். "இன்னாது?"

அவன் முழுதாகச் சொன்னான். அவள் கண்ணாடி முன்னால் போய் நின்று கையை நீட்டினாள். ஐந்தாறு தடவை பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது.

"எப்ப பாத்தீங்க?"

"வெள்ளிக்கிழம."

அவள் கையை இறக்கினாள். "மூணு நாளா தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லல." ஜோனதன் படியில் உட்கார்ந்தான். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் ஊறின உன் யூனிஃபார்ம ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு என் மடியில குடுத்துட்டு உன்ன உள்ள கூட்டினு போய்ட்டாங்க. நாலு மணி நேரம். கவரு மொதல்ல சூடா இருந்துது பிரிஸி. அப்புறம் ஜில்லுனு ஆய்டிச்சு. நான் அத கீழ வெக்கவே இல்ல."

இதை அவன் இதுவரை சொன்னதில்லை. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த டிரைவர் போன வாரம் போன் பண்ணாரு" என்றாள். "பொண்ணு பொறந்திருக்காம்."

"அவர் மேல எனக்கு இன்னா கோவம்? நல்லா இருக்கட்டும். நாளைக்கு இன்னொரு லாரி கவுந்தா நீ மறுபடியும் கைய உடுவ. அதுக்குத்தான் பயம்."

"உடுவேன்தான்."

"தெரியும்."

"அப்ப இன்னிக்கு ஏன் சொன்னீங்க?"

ஜோனதன் தன் இடது உள்ளங்கையைப் பார்த்தான். "கம்பெனில தோலை விரிச்சா மொதல்ல குறையைத்தான் பாப்பேன். உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறினது. வெள்ளிப் பென்சிலால சுத்தி வட்டம் போட்டுட்டுதான் கத்திய வெப்பேன். இருபத்திரண்டு வருசத்துல பாத்த குறைய பாக்காத மாதிரி நான் ஒரு நாளும் வெட்டினதில்ல. இன்னிக்கு மூணு ஜோடி வீணாய்டிச்சு. கையே ஓடல."

அவள் கோபித்துக்கொள்ளத்தான் நினைத்தாள். வரவில்லை. அவன் காலிலிருந்து செருப்பைத் தானே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "காபி போடறேன்" என்று எழுந்தாள்.

அடுத்த முறை சுடுதளத்தில், ஜோனதன் கவனித்ததை அவள் சொன்னதும், மக்பூல் அவளை இரண்டு கையையும் சேர்த்துச் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியே தன் மூக்கைப் பார்க்கச் சொன்னான். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவள் கை வலது கண்ணுக்கு முன்னால் போய் நின்றது. "ஓஹோ!" என்று துள்ளினான் மக்பூல். "உங்களுக்கு வலது கண்ணுதான் மாஸ்டர் மேடம், மாறாது! அதை மாத்த வேணாம். அதுக்கு ஏத்த மாதிரி நாம மாறிக்கலாம். முகத்தக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க. வலது கண்ணாலயே பாருங்க. கை மட்டும் லெஃப்டு."

அன்று பத்தில் ஐந்து பட்டது. மக்பூல் தன் டிபனிலிருந்த ஆற்காடு மக்கன் பேடாவில் பாதியைப் பிட்டு அவளிடம் கொடுத்தான். "கண்ணைக் கண்டுபுடிச்ச உங்க வூட்டு ஸாருக்கு, குடுத்துடுங்க" என்றான். அவள் வழியிலேயே அதைத் தின்றுவிட்டாள்.

தேர்வு நாளில் ஆடிக் காற்று அறைந்தது. மலையடிவாரத்தில் புழுதி எழும்பிப் பலகைகள் மறைந்து மறைந்து தெரிந்தன. ஜோனதன் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

பிரிஸ்கில்லா கோட்டில் நின்றாள். அன்று தேர்வுக்கு வந்த மற்ற அதிகாரிகள் முடித்துவிட்டு, இடது கைக்காரியைப் பார்க்க நின்றிருந்தார்கள். அதுதான் பேஜாராக இருந்தது. முதல் குண்டு வலப்பக்கம் போய் மண்ணில் விழுந்தது. இரண்டாவதும். பதற்றத்தில் பழைய வழக்கப்படி வலது கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். மூன்றாவது இன்னும் வலப்பக்கம் போயிற்று. நான்காவது குண்டைச் சுட்டதும் வெற்றுக் குப்பி காற்றில் திரும்பி அவள் காலருக்குள் விழுந்தது.

"ஸ்ஸ்!" என்று நெளிந்தாள். துப்பாக்கி முனையை மட்டும் தளத்தை நோக்கியே பிடித்துக்கொண்டு, வலது கையால் சட்டையை உதறினாள். குப்பி கீழே விழுந்தது. பின்னாலிருந்து யாரோ அடக்கிச் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோள் இறங்கியது. மூச்சை விட்டாள். முகத்தை இடது பக்கம் திருப்பினாள். வலது கண் அகலத் திறந்திருந்தது. புழுதி விலகி, பலகையின் நடு தெளிவாகத் தெரிந்தது.

ஐந்தாவது குண்டைச் சுட்டாள். மண்மேட்டில் வலப்பக்கம் புழுதி எழவில்லை.

கால் மணி நேரம் கழித்துக் கேட்டைத் தாண்டி வந்தாள். ஸ்டேஷனில் குற்றவாளியைப் பார்க்கிற அதே முகம். அதிலிருந்து ஒன்றும் படிக்க முடியாது. ஜோனதன் எழுந்து நின்றான். அவனுடைய டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

"எவ்ளோ சத்தம் கேட்டுச்சு?" என்றாள்.

"பத்து. எண்ணினேன்."

"எத்தினி பட்டிருக்கும்?"

"அத நீ சொல்றதுக்கு மின்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்." அவன் ஆறின டீயைத் தள்ளி வைத்தான். "நீ உள்ள போனதும் ஜெபம் பண்ணேன். நீ பாஸாவக் கூடாதுன்னு."

அவள் கையிலிருந்த மதிப்பெண் சீட்டு காற்றில் படபடத்தது.

"மொத சத்தம் கேட்டுது. அடுத்தடுத்து இன்னும் கேட்டுது. அப்புறம் சத்தமே காணோம். இந்தக் காத்துல அந்தக் கைய நீட்டிக்கினு நீ தனியா நிக்கறது அப்பதான் என் கண்ணு மின்னாடி வந்துது. மனசு கேக்கல. ஆண்டவரே, நான் சொன்னத விட்டுடும், அவ கேக்கறதக் குடுத்துடும்னு மாத்திட்டேன்."

"எத்தினாவது சத்தத்துக்கு அப்புறம் மாத்தினீங்க?"

"நாலு. நாலுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் நின்னுதே, அப்ப."

பிரிஸ்கில்லா வாயைத் திறந்தாள். கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி, யூனிஃபார்ம் தொப்பி நழுவும்படி சிரித்தாள்.

"மொத நாலும் வெளிய போச்சுங்க" என்றாள். "மீதி ஆறும் உள்ள."

ஜோனதனுக்குக் கணக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப... பாஸா?"

"ஆறு இருந்தா பாஸ்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "அப்ப நான் மொதல்லயே ஒழுங்கா பண்ணியிருந்தா..."

"பத்தும் போட்டிருப்பேன். அடுத்த வருசம் மொத குண்டுலேர்ந்தே என் பக்கம் பண்ணுங்க."

"பண்றேன்" என்றான் ஜோனதன். டீக்கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, ரெண்டு டீ. சூடா" என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு ஸ்டேஷனில் இருக்கவேண்டும். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் அப்போதுதான் வெளியே வரும்.